மேல்வீட்டுப் பெண்ணும் மஞ்சள் முடிப்பும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று உட்கார்வதும் எழுந்து போவதுமாகச் சில வருஷங்கள் ஓடிவிட்டன. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுதுவேன், கடைச்சீட்டு எழுதுவேன், அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் தயக்கத்துக்கு அது மட்டும் காரணமில்லை. பேனாவை எடுத்தாலே அந்தப் பெண் எதிரே வந்து உட்கார்ந்து, "அக்கா, இதை நீங்க பாத்தீங்களா, இல்ல யாரும் சொல்லிக் கேட்டீங்களா?" என்று கேட்பதுபோல் இருக்கும். உடனே மூடி வைத்துவிடுவேன்.

இப்போது போடியில் அவர் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நேற்று மீன் வாங்கப் போன இடத்தில் என்னிடமே ஒருத்தி சொன்னாள், நான் பக்கத்தில் இருந்த விஷயத்தை, நான் பார்க்காத விதமாக. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளை அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டிவரும் என்று பயந்து, பிஸ்மி சொல்லித் தொடங்குகிறேன். அவர் பெயரை எழுதமாட்டேன். எங்கள் மாடியில் குடியிருந்தார், அதனால் மேல்வீட்டுப் பெண் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு கேட்டு வந்த முதல் நாளே எனக்கு அவரைப் புரிந்திருக்க வேண்டும். ஒல்லியான தேகம், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, தோளில் கனமான பை. அறைகளைப் பார்த்தார். சமையல்கட்டு ஜன்னலைத் திறந்து மூடினார். தண்ணீர் எப்படி என்று கேட்டார்.

"காலையில நல்லா வரும்மா. ஒண்ணும் கஷ்டமில்ல" என்றேன்.

"அப்ப நாளைக்குக் காலையில வந்து பாத்துட்டுச் சொல்றேன்க்கா."

கூடத்தில் ஏலக்காய் மாதிரிகளைக் கையில் உருட்டிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, எங்க வீட்டுத் தண்ணிக்குச் சாட்சி வேற வேணுமா?"

"சாட்சி வேணாம்ணே. நான் பாத்தாப் போதும்."

மறுநாள் நான் பஜ்ர் தொழுதுவிட்டு வாசல் தெளிக்க வந்தபோது கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். குழாயைத் திறந்து, ஒரு வாளி நிறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சிரித்தார். "வீடு எனக்குப் பிடிச்சிருக்குக்கா." அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் அவருக்கு வைத்த பெயர் சாட்சிக்காரி. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், "சாட்சிக்காரி வர்றா, சோத்துல உப்பு சரியா இருக்கான்னு பாத்துக்க" என்பார். அவரும் கோபப்படமாட்டார். "ஒரு வாய் கொண்டாங்கண்ணே, தின்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்பார்.

அவர் தாய் மலைமேல் ஒரு தோட்டத்தில் காய் எடுக்கிறவர். மகளைப் பி.இ. வரை படிக்க வைத்துவிட்டார். மகள் தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். மாணவர்களுக்கு வயர் எடுத்துக் கொடுப்பது, மெஷின் பழுது பார்ப்பது. பாடம் நடத்த முடியாது. பாடம் நடத்த வேண்டுமென்றால் அதற்கு மேல் எம்.இ. முடித்திருக்க வேண்டும், முடித்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அதற்காக மதுரைப் பக்கம் வேறொரு கல்லூரியில் விடுமுறை நாட்களில் போய்ப் படித்துக்கொண்டிருந்தார். மின்சாரமும் கம்ப்யூட்டரும் சேர்ந்த படிப்பு.

அவருடைய பழக்கத்தால் எங்களுக்கு நல்லதும் நடந்தது, சங்கடமும் நடந்தது. சங்கடத்தை முதலில் சொல்கிறேன்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கம்பத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா தெருவில் நாலு வீடு ஏறி விசாரித்தார். எல்லோரும் தங்கமான பொண்ணு என்றார்கள். எங்கள் வாசலில் மேல்வீட்டுப் பெண் நின்றிருந்தார். அவரிடமும் கேட்டார்கள்.

"குழாயடியில பாத்திருக்கேம்மா. குடத்தை நெறைச்சுட்டு, அடுத்தவங்களுக்கு வழி விட்டுப் போவாங்க."

"குணம் எப்படித்தா?"

"அதை நான் பாக்கலையேம்மா."

அவ்வளவுதான். அந்த அம்மா முகம் மாறிவிட்டது. படிச்ச பொண்ணு எதையோ சொல்லாமல் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டார். சம்பந்தம் நின்றுபோயிற்று. எதிர்வீட்டுக்காரி எங்கள் வாசலுக்கு வந்து கத்தினாள். "நல்ல பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் வெந்தா போகும்? பாக்கலையாம்ல, பாக்கல! உன் கண்ணுல என்ன கலெக்டர் முத்திரையா குத்தியிருக்கு?"

எனக்கும் கோபம்தான். மாடிக்குப் போய்க் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கெட்டதும் சொல்லலையேக்கா. தெரியாததைத் தெரியும்னு சொல்லி, அதை நம்பி ஒருத்தங்க வாழப்போறாங்கன்னா எனக்குத் தூக்கம் வராது." அழுதிருந்தார் என்று தெரிந்தது. ஆனாலும் அவர் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. சோற்றில் கிடக்கும் கல்லைப்போல இந்தப் பெண் என்று அன்றைக்கு நினைத்தேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அல்லாஹ் கிருபையால் அடுத்த பெருநாளுக்குள் நல்ல இடம் அமைந்தது. எதிர்வீட்டுக்காரி மட்டும் மேல்வீட்டுப் பெண்ணோடு கடைசிவரை பேசவில்லை.

நல்லது நடந்தது எங்கள் ஸ்டோரில். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, சூடான காற்றை விட்டு உலர்த்துகிற கட்டிடத்துக்கு மலையில் அதுதான் பெயர். போடிமெட்டுக்கு ஏறுகிற பாதையில் மேலே போய், கொஞ்சம் உள்ளே தள்ளி எங்களுடையது இருக்கிறது. காய் எடுப்புக் காலத்தில் நானும் ஜீப்பில் போய் வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைப் பார்க்க மலைக்குப் போக வேண்டியவர் எங்கள் ஜீப்பிலேயே வந்தார். அங்கே காற்றை ஊதுகிற மோட்டார் நின்றுபோயிருந்தது.

"மெயின் ஆஃப் பண்ணியாச்சு மொதலாளி. தொறந்து பாருங்க" என்றார் காளியப்பன். எங்கள் ஸ்டோரில் காயை உலர்த்துகிறவர் அவர்தான். நல்ல மனுஷர். எங்கள் வீட்டுக்காரர் மூடியைக் கழற்றி உள்ளே கையை நீட்டினார்.

"அண்ணே. கையை எடுங்க."

கத்தவில்லை. பிள்ளை தூங்கும் வீட்டில் பேசுகிற குரல். அந்தக் குரலுக்கே அவர் கை அப்படியே நின்றது.

"அதான் ஆஃப் பண்ணியாச்சுங்கிறாரேம்மா."

"நான் பாக்கலையேண்ணே." பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, அவர் விரல் போகவிருந்த இடத்தில் வைத்தார். அது எரிந்தது. எப்போதோ யாரோ இழுத்த பழைய லைன் ஒன்று மெயினுக்குப் போகாமலே மோட்டாருக்கு வந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. காளியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் வெளியே போய், மூடுபனியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதற்குப் பிறகும் சாட்சிக்காரி என்றுதான் கூப்பிட்டார். ஆனால் அந்தக் கூப்பிடுதலில் வேறொரு மரியாதை வந்துவிட்டது.

எம்.இ. என்றால் பெரிய படிப்பு என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் கீழே வரும்போது கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பாடங்கள் இருக்கின்றன. வகுப்புக்குப் போன கணக்கு இருக்க வேண்டும், பரீட்சை தேற வேண்டும். அதெல்லாம் முடித்துவிட்டார். பிறகு புராஜெக்ட். அது இரண்டு கட்டம். உலகத்தில் மற்றவர்கள் அந்த விஷயத்தில் என்ன செய்திருக்கிறார்கள் என்று படித்து, நான் இன்னது செய்யப்போகிறேன் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது முதல் கட்டம். செய்து, நடத்திக் காட்டி, அளந்து எழுதுவது இரண்டாவது. எழுதினதைக் கட்டுரையாக ஒரு சபையில் வாசிக்க வேண்டும். புத்தகமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். கடைசியில் வைவா. வெளியிலிருந்து ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் கேட்பார், பதில் சொல்ல வேண்டும்.

"இதுல ஒண்ணு குறைஞ்சாலும் ஆகாதா?"

"ஆகாதுக்கா. அதுக்கு ஒரு காலமும் இருக்கு. அதுக்குள்ள முடிக்கலைன்னா படிச்சதெல்லாம் இல்லைன்னு ஆயிரும்."

அவருடைய காலம் முடிகிற இடத்தில்தான் இருந்தது. தாய்க்கு உடம்பு சரியில்லாமல் நடுவில் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. இந்த முறை விட்டால் இல்லை.

புராஜெக்டுக்கு எங்கள் ஸ்டோரைத்தான் கேட்டார். ஒரு டப்பா. உலர்த்தும் அறைக்குள் சூடும் ஈரமும் எவ்வளவு என்று சென்சார் ஒன்று வயர் வழியாகச் சொல்லும். டப்பா அதைப் பார்த்துச் சூட்டையும் காற்றையும் தானே கூட்டிக் குறைக்கும். சூடு ஏறினால் காயின் பச்சை வெளுத்துவிடும், குறைந்தால் பூஞ்சை பூத்துப்போகும். மேலும் கீழுமாகப் போகாமல் ஒரே சீராக வைத்திருப்பதுதான் டப்பாவின் வேலை. எங்கள் வீட்டுக்காரர், "நம்ம சாட்சிக்காரி கேட்டு இல்லைங்கிறதா?" என்றார்.

காய் வருவதற்கு முன்னால், காலி அறைக்குள் போய், நடுச்சுவரில் இருந்த ஓர் ஆணியில் சென்சாரைத் தொங்கவிட்டார். டப்பாவை வெளியே மாட்டினார். எடுப்பு தொடங்கிற்று. லோடு மேல் லோடாக வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காய் சூட்டில் இருக்கும்போது அடுக்கினவர் தவிர வேறு யாரும் அந்தக் கதவைத் திறப்பதில்லை. சூடு போய்விடும் என்பது ஒன்று, அது அடுக்கினவருடைய கைக்குக் கொடுக்கிற மரியாதை என்பது ஒன்று. மேல்வீட்டுப் பெண் காய் எடுக்கிறவர் மகள், அவருக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், கதவிலிருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகத் தட்டுகளைப் பார்ப்பார், நடுச்சுவர் அதில் தெரியாது. "அண்ணே, வயரு நல்லா இருக்கா?" என்று காளியப்பனைக் கேட்பார்.

"நல்லா இருக்கு தாயி. நாந்தான் தெனமும் பாக்கறேன்ல!"

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து அடுத்தவர் சொல்லை அவர் அப்படியே எடுத்துக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

டப்பா எழுதிய கோட்டை எனக்கு லேப்டாப்பில் காட்டினார். மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போகும் என்று நினைத்தேன். வைகைக் கால்வாய்க் கரை மாதிரி நேராகப் போயிற்று. அவருடைய கைடு, புராஜெக்டுக்கு வழிகாட்டுகிற வாத்தியார், போனில், "எக்ஸலண்ட்மா, இப்படி நான் பார்த்ததே இல்ல" என்று சொன்னது எனக்கே கேட்டது. கட்டுரை வாசித்தார். புத்தகம் கட்டிக் கொடுத்தார். வைவாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. "டப்பா வேலை செய்யுதுல்ல?" என்று நான் கேட்டபோது மட்டும், "கோடு நல்லா இருக்குக்கா" என்றார். வேலை செய்கிறது என்று சொல்லவில்லை. ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

எடுப்பு முடிந்து, கடைசி லோடும் இறங்கியது. சாமான்களைக் கழற்றப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். இதை நான் பார்த்தேன்.

காலி அறைக்குள் முதல்முறையாக விளக்குப் போட்டார்கள். நடுச்சுவர் ஆணியில் மஞ்சள் துணி முடிப்பு ஒன்று தொங்கியது. அதன் கழுத்திலிருந்து அவருடைய வயர் வெளியே வந்துகொண்டிருந்தது. சென்சாரைக் காணோம். சென்சார் முடிப்புக்குள் இருந்தது.

"காளியப்பண்ணே, இது என்ன?"

"அது நேத்திக்கடன் காய் தாயி. மொத லோடுல காஞ்சதுல ஒரு கை எடுத்து மஞ்சத்துணியில முடிஞ்சு அம்மனுக்குன்னு தொங்கவிடுவேன். எடுப்பு முடிஞ்சுதான் அவுத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவேன். வருஷாவருஷம் இதே ஆணிதான்." சந்தோஷமாகச் சொன்னார். "இந்த வருஷம் ஆணியில உங்க வயரு தொங்குச்சா, சூட்டுல அது கெட்டுப்போயிரக் கூடாதேன்னு காய்க்குள்ள வச்சு அம்மன்கூடவே சேத்துக் கட்டிட்டேன். எப்படி, பத்திரமா இருந்துச்சுல்ல?"

மேல்வீட்டுப் பெண் கிட்டே போனார். முடிப்பை ஒரு விரலால் தொட்டார். முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

"என்ன தாயி? என்னத்தா ஆச்சு? தப்புப் பண்ணிட்டனா?"

"மொத லோடு அன்னைக்கேவா கட்டுனீங்க?"

"ஆமா."

"இல்லண்ணே. நீங்க தப்புப் பண்ணலை." அங்கேயே தரையில் உட்கார்ந்தார். எனக்கு விளங்காமல் விழித்தேன். மெல்லச் சொன்னார். "போர்வைக்குள்ள இருக்கிறவங்கிட்ட வெளிய குளுரா வெயிலான்னு கேட்ட மாதிரிக்கா. காய்க்கு நடுவுல, துணிக்குள்ள இருந்துக்கிட்டு அது சொன்னதைத்தான் நான் எழுதியிருக்கேன். கோடு நேராப் போனது என் டப்பாவாலயா, இந்த முடிப்பாலயான்னு தெரியாது. யாருக்கும் தெரியாது."

"காய் நல்லாத்தான காஞ்சுச்சு!" என்றார் காளியப்பன், அழாத குறையாக.

"காஞ்சுச்சுண்ணே. எதனால காஞ்சுச்சுன்னு நான் பாக்கலை. உள்ள போய் ஒரு தடவை பாத்திருக்கணும். நான் பாக்கலை."

திரும்ப அளக்கலாம் என்றால் செடியில் காய் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் அந்தி வரைக்கும் போன் போட்டார். குரங்கணிப் பக்கம், கேரளாப் பக்கம், எல்லா இடத்திலும் எடுப்பு முடிந்து பழைய தண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த காய்க்கு அடுத்த மழை வர வேண்டும். வைவாவோ அந்த வாரம்.

கைடுக்கு அவரே போன் போட்டுச் சொன்னார். மாடிப்படியில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் வைத்து. அந்த வாத்தியார் கெட்டவர் இல்லை. அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. "ஏம்மா, யாரும் மலையேறி வந்து பார்க்கப்போறதில்ல. உனக்குக் கடைசித் தவணைம்மா இது. எல்லாப் பாடமும் தேறியாச்சு. ஒரு துணிக்காகவா? யோசிச்சுக்கோ. நான் உன்கிட்ட எதையும் கேக்கலைன்னே வச்சுக்கிறேன்."

ராத்திரி அவர் சாப்பிட வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் படியேறப் போனார். "நான் போய் நாலு வார்த்தை சொல்றேன். பொய் சொல்லச் சொல்லலையே, பேசாம இருன்னுதான சொல்லப்போறேன். அந்தத் தாய் கெழவி இன்னும் எத்தனை நாள் முதுகுல சாக்கைக் கட்டிக்கிட்டு மலையேறும்?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் எனக்கும் பட்டது. ஆனால் ஒன்று ஞாபகம் வந்தது. கேட்டேன்.

"ஏங்க, அன்னைக்குப் பெருநாள் தொழுகையில முன் சஃபுல, மொத வரிசையில நின்னவர் பாதியில வெளிய வந்தீங்களே. ஊரே பாத்துச்சே. எதுக்கு வந்தீங்க?"

"ஒளு முறிஞ்சுபோச்சுன்னு அப்பவே சொன்னேன்ல." தொழுகைக்கு முன்னால் கைகால் முகம் கழுவிச் செய்துகொள்ளும் சுத்தம்தான் ஒளு, அது முறிந்தால் தொழுகை கூடாது.

"முறிஞ்சது யாருக்குத் தெரியும்?"

வைத்த காலை எடுத்துவிட்டார். திரும்பி வந்து, விளக்கை அணைக்காமலே படுத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. மேலே அவர் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வைவாவுக்கு நானும் கூடப் போனேன். தனியாக அனுப்ப மனம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் காளியப்பன் வெள்ளை வேட்டி சட்டையோடு நின்றார்.

"நானும் வர்றேன். நாந்தான் கட்டுனேன்னு அந்த ஐயாகிட்டச் சொல்றேன். என்ன வேணாலும் திட்டட்டும், தாயி."

"நீங்க கட்டுனீங்கன்னு நான் சொல்லவேமாட்டேண்ணே. முடிப்பு இருந்துச்சு, அதை நான் பாக்கலை. அதுதான் நடந்தது."

காளியப்பன் மடியிலிருந்து முடிப்பை எடுத்து நீட்டினார். "அம்மனுக்குப் போக வேண்டியது. மொதல்ல உங்ககூட வரட்டும் தாயி." மதுரை போய்ச் சேரும்வரை அது மேல்வீட்டுப் பெண் மடியில் இருந்தது. பஸ் முழுக்க ஏலக்காய் வாசம். சொல்லப்போகிறாயா என்று நான் கேட்கவில்லை.

நானும் காளியப்பனும் கல்லூரி வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. இனி எழுதுவதில் பாதி நான் கேட்டது, பார்த்தது இல்லை.

உள்ளே மேல்வீட்டுப் பெண் பேசினார். பாதி இங்கிலீஷ், எனக்குப் புரியவில்லை. வெளியிலிருந்து வந்த பெரியவர் இடையிடையே, "குட், குட்" என்றார். நான் உள்ளுக்குள் ஸலவாத் ஓதிக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பெரியவர் தமிழில் கேட்டார்.

"கோடு ரொம்ப அழகா இருக்கு. ஏற்ற இறக்கமே இல்ல. இது உங்க கருவி செய்ததுன்னு எடுத்துக்கலாமா?"

காளியப்பன் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். ஆமா என்று ஒரு சொல். வெறுமனே தலையை ஆட்டினால்கூடப் போதும். யா அல்லாஹ், அந்த நேரம் எவ்வளவு நீளமாக இருந்தது!

"தெரியாது சார்."

"என்ன தெரியாது?"

"கருவி செஞ்சதான்னு நான் பாக்கலை சார்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். மேஜைமேல் ஏதோ வைக்கிற சத்தம் கேட்டது. முடிப்பாகத்தான் இருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. பெரியவர், "இதை நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார்.

"தெரியும் சார்."

அவரை வெளியே நிற்கச் சொல்லி, அவர்கள் உள்ளே பேசினார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் எங்கள் எதிரே நின்று, "ஆகலைக்கா" என்றார். கையில் முடிப்பு இருந்தது. "அளந்தது செல்லாது, திரும்ப அளந்துட்டு வரணும்னுட்டாங்க." பிறகு, "பசிக்குது" என்றார்.

ஓட்டலில் காளியப்பன் இலையைத் தொடவில்லை. "சாப்பிடுங்கண்ணே. நீங்க கட்டுனது உங்க நேத்தி. பாக்காம விட்டது நான்" என்று அவர் இலையில் தானே பொரியலை எடுத்து வைத்தார்.

காலம் நீட்டித் தரச் சொல்லி மேலே எழுதிக் கேட்டார். விதிப்படி முடியாது என்று பதில் வந்தது. போனில் வந்ததை எனக்குக் காட்டினார், ஆகவே அதை நான் பார்த்தேன். எல்லாப் பாடமும் தேறியவர், ஒன்றுமே படிக்காதவர்போல ஆனார். ஆய்வகத்தில் வயர் எடுத்துக் கொடுக்கிற வேலை அப்படியே தொடர்ந்தது. அவர் தாய் எங்கள் வீட்டுக்கு வந்து, மகளை ஒரு வார்த்தையும் கேட்காமல், நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு மலைக்குப் போய்விட்டார். அன்றைக்குத்தான் மேல்வீட்டுப் பெண் சத்தம்போட்டு அழுதார். என் மடியில் தலை வைத்து அழுதார்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அடுத்த மழை பெய்து, முதல் காய் வந்தது. ஜீப் கிளம்புகிற நேரம் மாடியிலிருந்து இறங்கி வந்தார், கையில் டப்பாவோடு.

"இனிமே இது எதுக்கும்மா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர், மெதுவாக. "பட்டந்தான் இல்லைன்னுட்டாங்களே."

"டப்பா வேலை செய்யுதான்னு அக்கா கேட்டாங்கண்ணே. இன்னும் பதில் சொல்லலை."

காளியப்பன் நடுச்சுவரில் புது ஆணி ஒன்று அடித்துக் கொடுத்தார். பழைய ஆணி அம்மனுக்கு. ஒவ்வொரு லோடு அடுக்கும்போதும், கதவைச் சாத்துவதற்கு முன்னால் காளியப்பனே போனில் கூப்பிட்டு, படத்தோடு பேசுகிற போனைச் சுவருக்கு நேராகப் பிடிப்பார். "பாத்துக்க தாயி. அங்கிட்டு முடிப்பு, இங்கிட்டு வயரு. பாத்தியா?" பார்த்தேன் என்று அந்தப் பக்கம் சொன்ன பிறகுதான் கதவு சாத்துவார். ஞாயிற்றுக்கிழமைகளில் இவரே உள்ளே போய்ப் பார்த்தார்.

கோடு முதலில் போடிமெட்டுப் பாதைதான். வளைவுக்கு மேல் வளைவு. டப்பாவைக் கழற்றுவார், எதையோ மாற்றுவார், திரும்ப மாட்டுவார். ஒரு லோடு கருகியும் போனது. எங்கள் வீட்டுக்காரர் ஒரு சொல் சொல்லவில்லை. எடுப்பு முடியப்போகிற சமயம் ஒரு நாள், கண்ணாடி வழியாகவும் லேப்டாப்பிலும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றவர், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வேலை செய்யுதுக்கா."

அவர் வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டது அப்போதுதான்.

கொஞ்ச நாளில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, தாயையும் அழைத்துக்கொண்டு போனார். டப்பா எங்கள் ஸ்டோரில் இருக்கிறது. நேற்றும் ஓடிற்று.

இப்போது ஊரில் சொல்கிறார்கள், அந்தப் பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டுத் தங்கப் பதக்கம் கொடுத்தாராம். சிலர், மஞ்சள் முடிப்பில் யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். வேறு சிலர், அவர் வெளிநாட்டில் போய் அதைவிடப் பெரிய பட்டம் வாங்கிவிட்டார் என்கிறார்கள். வாங்கியிருந்தால் அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதை நான் பார்க்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் கையேந்திக் கேட்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கோ, பக்கத்து வீட்டுக்கோ இதைச் சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். காளியப்பனைக் கெட்டவராக்காதீர்கள், கைடையும் ஆக்காதீர்கள். கேட்கிறவர்கள் முகம் வாடுகிறதே என்று கடைசியில் ஒரு பட்டத்தை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். கிடைத்ததா, பிறகு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், அவர் சொல்வதையே நீங்களும் சொல்லுங்கள்: நான் பாக்கலையே.